பதினெட்டு ஜீரோ பதினெட்டு

வேண்டாம் அம்மிணி, பை மடியிலயே இருக்கட்டும். கீழ வெச்சா பஸ்சு குலுங்கற குலுக்கல்ல யாரு காலு மேலயாவது போயி உழுந்துரும். ரெண்டு கிலோ வரும். காய்கறி இல்ல, இரும்பும் செம்புக் கம்பியும். டிரான்ஸ்பார்மர். கம்பத்துல தொங்குமே அது இல்ல, இது ரெண்டு கைக்குள்ள அடங்கறது, பாட்டுக் கேக்கற ஆம்ப்ளிபயருக்குள்ள வெக்கறது. நான் சுத்துனதுதான். கணபதியில ஒரு ஒர்க்ஷாப்புல இருவத்திரண்டு வருசமா எனக்கு இதான் சோலி. நீ உக்கடம் வரைக்கும் போறயா? அப்ப முக்கா மணி நேரம் இருக்கு, கேளு. யார்கிட்டயாவது சொல்லலைன்னா எனக்கு மண்டை வெடிச்சுரும். நீ முன்னப்பின்ன தெரியாத புள்ள, உன்கிட்டச் சொன்னா வெளிய போகாது.

நியாயத்தை நீயே சொல்லு. ஒரு மனுசன் நான் சுத்துனதை வோல்ட்டு சரியில்ல, வோல்ட்டு சரியில்லைன்னு சொல்லி மறுக்கா மறுக்கா வந்து நின்னாரு. ஒருக்கா ரெண்டுக்கா இல்ல. அஞ்சு தடவ. இருவத்திரண்டு வருசத்துல என்ற கையில சுத்துனது ஒண்ணு திரும்பி வந்ததில்ல, அம்மிணி. எங்க ஓனர் தேவராஜண்ணன்கிட்ட வேணும்னா கேட்டுப் பாரு. இவரு ஒருத்தரு வந்துதான் எனக்குக் கெட்ட பேரு.

பேரு நாச்சிமுத்து. கெணத்துக்கடவுக்கு அக்கட்ட செங்காட்டுப்புதூருன்னு ஒரு ஊரு. அங்க பால் சொசைட்டியில டெஸ்டர். ஊத்தற பாலுல கொழுப்பு எவ்வளவு, தண்ணி எவ்வளவுன்னு பாத்துச் சொல்றவரு. அதிகாலையில ஒரு பாலு, சாயங்காலம் ஒரு பாலு. நடுவுல இருக்கற நேரத்துல மூணு பஸ்சு மாறி கணபதிக்கு வந்துட்டு, நாலரை மணிப் பாலுக்குத் திரும்பிப் போயிருவாரு. செவ்வாக்கெழம செவ்வாக்கெழமதான் வருவாரு. ஏன் செவ்வாக்கெழமன்னு நான் கேக்கலை. எனக்கெதுக்கு.

மொத தடவ வந்தது ஆடி மாசம். நாப்பத்தேழு நாப்பத்தெட்டு வயசிருக்கும். கையில ஒரு ஆம்ப்ளிபயர் போர்டு, அவரே சாமானெல்லாம் வாங்கி ஈயம் வெச்சுப் பூட்டுனது. போர்டு கூட வந்த காயிதத்துல இருவத்தஞ்சு வோல்ட்டுன்னு போட்டிருக்குதுங்க, அதுக்குச் சரியா இருவத்தி நாலு ஜீரோ இருவத்தி நாலு ஒண்ணு சுத்திக் குடுங்கன்னாரு. அப்படின்னா என்னன்னு கேளு. நடுவுல ஒரு கம்பி, அது ஜீரோ. அதுக்கு அக்கட்ட ஒரு இருவத்தி நாலு, இக்கட்ட ஒரு இருவத்தி நாலு. இந்த இருவத்தஞ்சு ஏசியிலயா டிசியிலயான்னு கேட்டேன். வோல்ட்டுன்னா வோல்ட்டுதானுங்களேன்னாரு. சரி, கேட்டதைக் குடுக்கறது எங்க வேலை. சுத்திக் குடுத்துட்டேன்.

அடுத்த செவ்வாக்கெழம வந்து நிக்கறாரு. சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டிய எடுத்துத் திறந்தாரு. உள்ளுக்குள்ள கருகிப் போன ஐசி, போர்டுல இருக்கற சில்லு. பட்டாசாட்ட வெடிச்சுருச்சுங்கன்னாரு. கோவமா சொல்லலை, ஏதோ செத்துப்போன கோழிக்குஞ்சைக் கொண்டாந்து காட்டறாப்புல காட்டுனாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அப்பறம் உக்கார வெச்சு விளக்கமா சொன்னேன். இங்க பாருங்க, டிரான்ஸ்பார்மர்ல நாங்க சொல்றது ஏசி. அது டயோடு வழியாப் போயி கெப்பாசிட்டர்ல நின்னு டிசி ஆகறப்ப, பாலு பொங்கறாப்புல மேல ஏறிரும். ஒண்ணுக்கு ஒண்ணரை, அதுல சித்த கம்மி. இருவத்தி நாலைக் கேட்டீங்கன்னா முப்பத்தி நாலு போயி நிக்கும். உங்க ஐசி எப்படித் தாங்கும்?

அவரு பேனாவை எடுத்து உள்ளங்கையில எழுதிக்கிட்டாரு. எழுதிட்டு, அப்ப நான் என்ன கேக்கணும்னு நீங்களே சொல்லிருங்கன்னாரு. பதினெட்டு ஜீரோ பதினெட்டுன்னு சொன்னேன். பதினெட்டு ஏறுனா இருவத்தஞ்சரைக்குள்ள வரும், அதான் உங்க போர்டுக்குச் சரி. சத்தியமா சொல்றேன் அம்மிணி, அதுதான் சரி. அன்னைக்கும் அதுதான் சரி, இன்னைக்கும் அதுதான் சரி.

வெளியூருக்காரரு, மறுக்கா வரச் சொல்ல வேண்டாம், உக்காருங்க, சுத்தித் தந்தர்றேன்னு சொன்னேன். ஒரு ஸ்டூலு கெடந்துச்சு. எங்க மிசினுல கவுண்டர் கெட்டுப்போயி நாலு வருசமாச்சு. கவுண்டர்னா ஆளு இல்ல அம்மிணி, நீ சிரிக்காத, எத்தனை சுத்து ஆச்சுன்னு காட்டற மீட்டரு. அதனால நான் வாயிலயே எண்ணுவேன். வோல்ட்டுக்கு நாலு சுத்து. இருநூத்தி முப்பது வோல்ட்டுக்குத் தொள்ளாயிரத்தி இருவது சுத்து. நடுவுல யாராவது பேசுனா எண்ணிக்கை போச்சு, மொதல்ல இருந்து பிரிக்கணும். எங்க ஒர்க்ஷாப்புல நான் எண்ணறப்ப தேவராஜண்ணனே போனு பேச வெளிய போயிருவாரு. நூறுக்கு ஒருக்கா நிறுத்தி, ஒரு கோடு கிழிச்சுட்டு, கையை உதறிட்டு மறுக்கா ஆரம்பிப்பேன்.

இவரு அதைக் கவனிச்சுட்டாரு போல. நூறு வர்ற வரைக்கும் மூச்சுக் காட்டாம உக்காந்திருந்தாரு. நான் நிறுத்துனதும் ஒரே ஒரு கேள்வி. உங்க பேரு என்னங்க? துளசிமணி. அவ்வளவுதான். நான் சுத்த ஆரம்பிச்சதும் வாயை மூடிக்குவாரு. இருநூறுல நிறுத்துனா, எத்தனை வருசமா இந்த வேலைங்க? முந்நூறுல, சொந்த ஊரு எதுங்க? நானூறுல, கண்ணு வலிக்காதுங்களா? இப்படிக் கேட்ட ஆளை நான் பாத்ததே இல்ல. ஐந்நூறுல, ஊட்டுல எத்தனை பேருங்கன்னு கேட்டாரு. நான் ஒருத்திதான், லைன் வீடுன்னேன். அறுநூறுல நிறுத்துனேன். ஒண்ணும் கேக்கலை. நான் சித்த நேரம் பாத்தேன். அப்பறம் மறுக்கா சுத்த ஆரம்பிச்சுட்டேன்.

எனக்குக் கல்யாணம் ஆகலை அம்மிணி. நீ கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிர்றேன், இல்லைன்னா அதையே யோசிச்சுட்டு நான் சொல்றதைக் காதுல வாங்க மாட்ட. மொதல்ல ஜாதகத்துல கட்டம் சரியில்லைன்னாங்க. கட்டம் சரியான ஒரு எடம் வந்தப்ப வயசு சரியில்லைன்னுட்டாங்க. நாப்பத்தி மூணு ஆகுது. அண்ணன் திருப்பூருல இருக்கறாரு, தீவாளி நோம்பிக்குக் கூப்புடுவாரு. அதை உடு.

எண்ணூறுல நான்தான் கேட்டேன். எதுக்குங்க இந்த வயசுல ஆம்ப்ளிபயர் எல்லாம் பூட்டிக்கிட்டு இருக்கறீங்கன்னு. அவரு கையைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. ஊட்டுக்காரி தவறிப் போயி ஆறு வருசமாச்சுங்க, கொழந்தைங்க இல்ல. ஊட்டுல சத்தமே இல்லீங்கன்னாரு. அதுக்கு ஒரு ரேடியோ வாங்கி வெச்சா போதுமேன்னு நினைச்சேன். வாயில சொல்லலை.

அந்தப் பதினெட்டு ஜீரோ பதினெட்டை வாங்கிட்டுப் போனாரு. அதோட முடிஞ்சிருக்கணும் இல்லையா? முடியலை. ரெண்டு வாரம் கழிச்சு வந்து, சத்தம் பத்தலீங்க, வோல்ட்டு கம்மியா இருக்கும் போலன்னாரு. என்ற பீஸ எங்கன்னு கேட்டா, ஊட்டுலயே உட்டுட்டு வந்துட்டேனுங்கன்னாரு. உங்க ஊருக்குக் கரண்டு வர்ற லைன்ல வோல்ட்டு எவ்வளவு வருதுன்னு கேட்டேன். தெரியாதுங்கன்னாரு. தென்னந்தோப்பு ஊரு, பகலெல்லாம் மோட்டார் ஓடும், வோல்ட்டு இறங்கத்தான் செய்யும், மீட்டர் வெச்சுப் பாத்துட்டு வாங்கன்னு தாட்டி உட்டேன். அடுத்த வாரமே பால் ரசீதுக்குப் பின்னாடி எழுதிக் கொண்டாந்தாரு பாரு, ஆறு நாளைக்கு, ஒரு நாளைக்கு நாலு வேளை. காலையில இருநூத்தி ஆறு. பத்து மணிக்கு நூத்தித் தொண்ணூத்தெட்டு. மோட்டார் நின்னப்பறம் இருநூத்தி நாப்பத்தஞ்சு. முத்து முத்தா கையெழுத்து. படிச்ச பசங்க கூட அப்படி எழுதிக் குடுக்க மாட்டாங்க. அந்தச் சீட்டை நான் தூக்கிப் போடலை, என்ற டப்பாவுல வெச்சிருக்கறேன். ஒரு கணக்குக்கு வேணுமில்ல.

அதைப் பாத்து இருவது ஜீரோ இருவது சுத்துனேன். மறுக்கா அதைத் தூக்கிட்டு வந்தாரு, இப்ப எச்சா இருக்குதுங்க, சூடாகுதுங்கன்னு. வாங்கி ரேக்குக்குக் கீழ போட்டுட்டேன். சூடாகுதுன்னா நான் என்ன பண்றது? ராத்திரி முச்சூடும் அதே யோசனை. அப்பறம் நானே ஒரு வழி கண்டுபுடிச்சேன். கரண்டு உள்ளுக்குப் போற பக்கம் நாலு எடத்துல கம்பியை வெளிய எடுத்து உட்டுட்டா, லைன் வோல்ட்டுக்குத் தகுந்தாப்புல ஒரு சுவிட்சைத் திருப்பிக்கலாம். நூத்தித் தொண்ணூறு, இருநூத்திப் பத்து, இருநூத்தி முப்பது, இருநூத்தி அம்பது. யாரும் சொல்லிக் குடுக்கலை, என்ற மண்டையில வந்ததுதான். இருநூத்தி அம்பது வரைக்கும் போனதால ஆயிரம் சுத்து ஆச்சு. நேரம் பிடிக்கும்னு சொன்னேன். பரவாயில்லீங்க, மெதுவா சுத்துங்கன்னாரு.

அன்னைக்கு எனக்குத் தோள்பட்டை வலி. நூறு வரைக்கும் ஒரே மூச்சுல போக முடியலை, அம்பதுக்கு ஒருக்கா நிறுத்துனேன். அவரும் அம்பதுக்கு ஒருக்கா கேட்டாரு. என்ன கேட்டாருன்னு கேக்கறயா? ஒண்ணும் விசேசம் இல்ல. ராகி பிடிக்குமா, கம்பு பிடிக்குமா. மழை வந்தா லைன் வீடு ஒழுகுமா. இந்த மாதிரி. என் கூட வேலை செய்யறவ சாந்தாமணின்னு ஒருத்தி, அவ கம்பி சுத்தற பாபின் எடுக்கறாப்புல வந்து என்ற இடுப்புல கிள்ளிட்டுப் போனா. அவளுக்கு எல்லாமே வெளையாட்டு.

ஒருக்கா சீம்பால் கொண்டாந்தாரு, டிபன் டப்பாவுல. சொசைட்டிக்கு ஊத்தற ஒருத்தரு மாடு கன்னு போட்டுதுன்னு. காலையில கறந்தது, கெட்டுப்போகாம ஈரத்துணி சுத்தி மூணு பஸ்சு மாறிக் கொண்டாந்திருக்கறாரு. நானு, இது என்னங்க, தப்பு சொல்ல வர்றப்ப வெறுங்கையோட வர வேண்டாம்னு லஞ்சமான்னு கேட்டேன். சிரிச்சாரு. ஊட்டுக்குக் கொண்டு போயி கருப்பட்டி போட்டுக் காச்சுனேன். ஒத்தை ஆளுக்கு அது எச்சு. பக்கத்து ஊட்டுக்குக் குடுத்திருக்கலாம், குடுக்கலை, மூணு நாளு வெச்சுத் தின்னேன்.

அப்பறம் இரையுதுன்னு வந்தாரு. உம்முன்னு ஒரு இரைச்சல் வருதுங்க, பாட்டு நின்னா தெரியுதுங்கன்னு. இரைச்சலைத் தடுக்க நடுவுல செம்புத் தகடு வெச்சு இன்னொண்ணு சுத்துனேன். அதுவும் இரையுதுன்னு சொல்லிட்டு வந்தாரு. அன்னைக்குத்தான் தேவராஜண்ணன் எல்லாரு முன்னாடியும் அந்த வார்த்தைய உட்டாரு. என்னம்மா துளசிமணி, கணக்கு அடிக்கடி உட்டுப்போகுது போல, வயசாயிருச்சா, வேணும்னா ஆம்ப்ளிபயர் பீசை எல்லாம் சாந்தாமணிகிட்டக் குடுத்துரட்டுமான்னு.

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லு. எனக்குன்னு என்ன இருக்குது? ஊடு வாடகை, ஜாதகம் அப்படி. இந்த ஒரு கையிதான் இருக்குது. இது தப்பு பண்ணாதுங்கற பேருதான் இருக்குது. அதையும் இந்த மனுசன் வந்து வாங்கிட்டுப் போறாரேன்னு ஆத்தரம் ஆத்தரமா வந்துச்சு. அவரு கொண்டாந்த பீசைக் கையில வாங்கித் திருப்பிப் பாத்தேன். பாத்தா அம்மிணி, கம்பி முனை சுரண்டவே இல்ல.

உனக்குப் புரியாது, சொல்றேன். செம்புக் கம்பி மேல எனாமல் பூசியிருக்கும். அது மேல ஈயம் பிடிக்காது, கரண்டு ஏறாது. நாங்க மீட்டர் வெச்சுப் பாக்கறதுக்கு நுனியில ஒரு பொட்டு அளவு சுரண்டுவோம். அப்பறம் வாங்கறவங்க அரை இஞ்சுக்குச் சுரண்டித்தான் ஈயம் வெக்கணும். இதுல என்ற பொட்டு மட்டும் இருக்குது. ஈயம் தொட்ட தடமே இல்ல. கட்டுன நூல் முடிச்சு கூட நான் போட்டபடியே இருக்குது. ஆம்ப்ளிபயர்ல பூட்டவே இல்ல, அம்மிணி. பூட்டாமலே இரையுதுன்னு வந்து நிக்கறாரு.

நான் எந்திரிச்சுப் போயி ரேக்குக்குக் கீழ இருந்து அவரு முன்னாடி திருப்பிக் குடுத்ததை எல்லாம் எடுத்தேன். இருவது ஜீரோ இருவது, அதுவும் சுரண்டலை. நாலு கம்பி எடுத்து உட்டேனே, நானே கண்டுபுடிச்சது, அதுவும் சுரண்டலை. கையில இருந்த செம்புத் தகடு வெச்சதும் அப்படியே. வரிசையா மேசை மேல வெச்சேன். மிசின் எல்லாம் நின்னுருச்சு. எல்லாரும் பாக்கறாங்க. நான் சொன்னேன். ஏனுங்க, சுரண்டாத கம்பியில கரண்டு எந்த வழியாப் போச்சுன்னு சொல்லுங்க, நாங்களும் தெரிஞ்சுக்கறோம். ஊருக்கெல்லாம் பாலுல தண்ணி எவ்வளவுன்னு பாத்துச் சொல்றவரு நீங்க. உங்க பேச்சுல இவ்வளவு தண்ணியா?

அவரு மேசை மேல இருந்ததையே பாத்துக்கிட்டு நின்னாரு. காது மடலெல்லாம் செவந்து போச்சு. தப்புதானுங்கன்னாரு. அப்பறம், பால் நேரமாச்சுங்க, வரேன்னாரு. மணி பன்னெண்டு கூட ஆகலை. படி இறங்கிப் போயிட்டாரு, கடைசியாச் சுத்துனதைக் கூட எடுத்துக்காம.

தேவராஜண்ணன் என்ற பக்கத்துல வந்து, உன்ற கை தங்கம்மா, தப்பா நினைச்சுக்காதன்னாரு. எனக்கு அதுதான வேணும்? பேரு திரும்பி வந்துருச்சு. சாந்தாமணி மட்டும், ஏங்க்கா உங்களுக்கு நிசமாலுமே கண்ணு தெரியலையான்னா. தெரிஞ்சதாலதான்டி சுரண்டாததைக் கண்டுபுடிச்சேன்னேன். அவ தலையில அடிச்சுக்கிட்டா.

அடுத்த செவ்வாக்கெழம வரலை. எப்படி வருவாரு. அதுக்கடுத்த வாரமும் வரலை. தீவாளி நோம்பி போச்சு, பொங்கலும் போச்சு. உண்மையைச் சொல்றேன் அம்மிணி, உன்கிட்ட என்ன மறைக்கறது, எனக்கு நல்லாவே இல்ல. முன்னயும் ஒத்தையிலதான் இருந்தேன், ஆனா அது இப்படித் தெரியலை. நூறு எண்ணி நிறுத்தறேன், கோடு கிழிக்கறேன், அந்த ஸ்டூலு சும்மா கெடக்குது. நூறுக்கு நூறு நிறுத்தறது எனக்குப் பிடிக்காமப் போச்சு. ஒரேயடியா தொள்ளாயிரத்தி இருவதையும் சுத்திப் பாத்தேன். கை மரத்துப் போச்சே தவுர ஒண்ணும் ஆகலை.

அவரு உட்டுட்டுப் போன பீசு என்ற மேசைக்குக் கீழயே கெடந்துச்சு. அடுத்தவரு பொருளு. அது அங்க இருக்கறது எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. பில்லு புக்குல அவரு போன் நம்பர் இருக்குது, ஆனா போன்ல என்னன்னு பேசறது? அதான் இன்னைக்கு ஞாயித்துக்கெழம, லீவு, நேர்ல குடுத்துட்டு வந்தர்லாம்னு கெளம்புனேன். பொருளைக் குடுக்கத்தான். இந்தச் சீலை நோம்பிக்கு எடுத்தது, சும்மா மடிச்சு வெச்சிருக்கறதுக்கு ஒருக்கா கட்டலாம்னு கட்டுனேன்.

கெணத்துக்கடவுல எறங்கி டவுன் பஸ்சு ஏறி, புதூர்ல எறங்குனேன். பால் டெஸ்டர் ஊடு எதுன்னு கேட்டதுக்கு, தோப்புக்குள்ள பாட்டுக் கேக்குதுல்ல, அதுதானுங்கன்னாங்க. ஆமா, கேட்டுச்சு. பழைய பாட்டு ஒண்ணு, பொம்பளைக் கொரலு. தடத்துல நடக்க நடக்கத் தெளிவாயிட்டே வருது. நான் வேலி ஓரமா நின்னுட்டேன். என்னால சும்மா கேக்க முடியாது, வேலைப் புத்தி. கர்ருனு பிசிறு இருக்குதான்னு பாத்தேன், இல்ல. மேல போறப்ப கொரலு நசுங்குதான்னு பாத்தேன், இல்ல. பாட்டு முடிஞ்சு அடுத்த பாட்டு வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் எடைவெளி வரும் பாரு, அங்கதான் டிரான்ஸ்பார்மரோட லட்சணம் தெரியும். காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன். ஒரு இரைச்சல் இல்ல. தென்னங்கீத்து ஆடற சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. எவ்வளவு நல்லா சுத்தியிருக்கறேன்னு எனக்கே அழுகை வந்துருச்சு.

அவரு எதுக்கோ வெளிய வந்தவரு என்னைப் பாத்துட்டாரு. அப்படியே நின்னாரு. அப்பறம் உள்ள ஓடிப்போயி பாட்டை நிறுத்திட்டு வந்தாரு. வாங்கன்னாரு. வாங்கன்னு யாரு ஊட்டுக்கு யாரு போனாலும் சொல்றதுதான அம்மிணி, அதை நம்பி உள்ள போயிர முடியுமா? நானு, இல்லீங்க, உங்க பொருளு அங்கயே இருக்குது, குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்னேன். அது வேண்டாங்க, வேற யாருக்காவது ஆகும், அவங்களுக்குக் குடுத்துருங்கன்னாரு. இளைச்சுப் போயிருந்தாரு. சட்டையில ஒரு பொத்தான் இல்ல.

இப்ப ஓடறது எதுங்கன்னு கேட்டேன். ரெண்டாவதா குடுத்தீங்களே, பதினெட்டுன்னாரு.

வோல்ட்டு சரியா இருக்குதுங்களான்னு கேட்டேன்.

அதைத்தான் கேட்டேன், அம்மிணி. மூணு பஸ்சு மாறிப் போயி அதைத்தான் கேட்டேன். அவரு என்னைப் பாத்துக்கிட்டு நின்னாரு. நான் மனசுக்குள்ள எண்ண ஆரம்பிச்சுட்டேன், பழக்கம். முப்பது வரைக்கும் வந்துச்சு. அப்பறம் சொன்னாரு. சரியா இருக்குதுங்க, மொதல்ல இருந்தே சரியாத்தானுங்க இருந்துச்சு, உங்ககிட்டப் பொய் சொன்னது என்ற தப்புங்க, இனிமேலு சொல்ல மாட்டேன்னாரு.

அப்பச் சரிங்க, நான் வரேன்னு சொன்னேன்.

தண்ணியாவது குடிச்சுட்டுப் போங்கன்னு சொம்புல கொண்டாந்தாரு. வேலிக்கிட்ட நின்னே குடிச்சேன். சொம்பைக் குடுத்துட்டுத் திரும்பி நடந்தேன். நான் போனதும் மறுக்கா பாட்டுப் போடுவாருன்னு பாத்தேன். பஸ் ஸ்டாப்பு வரைக்கும் காதைத் திருப்பிக்கிட்டே வந்தேன். போடலை. பஸ்சு வர முக்கா மணி நேரமாச்சு, அதுவரைக்கும் தோப்புப் பக்கம் ஒரு சத்தம் இல்ல.

நீயே சொல்லு அம்மிணி. நல்லா இருக்கறதைப் பூட்டி வெச்சுக்கிட்டு, சத்தம் பத்தலை, சூடாகுது, இரையுதுன்னு வாய் கூசாம நாலு தடவ பொய் சொன்ன மனுசன். அப்பெல்லாம் பொய் வாயில வந்துச்சே. இன்னைக்கு நான் அவ்வளவு தூரம் போயி, வேலியைப் புடிச்சுக்கிட்டு நின்னு, நானே வாயைத் திறந்து கேக்கறேன். சித்த இரையுதுங்க, உள்ள வந்து பாருங்கன்னு அஞ்சாவதா ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா? ஒண்ணே ஒண்ணு. நான் உள்ள போயி உக்காந்திருப்பேன்ல.

என்ன சொல்ற? நானா? இரையறாப்புல இருக்குதுங்கன்னு நான் சொல்லியிருக்கலாமா?

அது எப்படி அம்மிணி சொல்லுவேன். இரையவே இல்லையே.